பெத்தேல் லேஅவுட், மனை எண் பதினான்கு

அது வாய்க்கால் என்று எனக்குத் தெரியும், ஆண்டவரே.
பழைய வரைபடத்தில் நீலக்கோடாய் ஓடியதை
நான்தான் நாலாய் மடித்து
ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்தேன்.
ஹொரமாவு தாண்டி
கோரைப்புல்லும் எருமைகளும் கிடந்த பள்ளத்தில்
அறுபது லோடு இடிபாட்டு மண் கொட்டி
ரோலர் ஓட்டி
பெத்தேல் லேஅவுட் என்று வளைவு வைத்தேன்.
ஐயர் வந்து ரிப்பன் வெட்டினார், ஜெபித்தார்.
ஆமென் சொன்னதில்
என் குரல்தான் உரக்கக் கேட்டது.

முப்பதுக்கு நாற்பது. கிழக்குப் பார்த்தது.
வாங்கியவர்கள் முக்கால்வாசி நம் சபை.
சுரங்கம் மூடியபோது புருஷனுக்குக் கொடுத்த பணத்தை
கோலாரிலிருந்து துணிப்பையில் கொண்டுவந்தாள் எப்சிபா.
பத்தில் ஒன்றை உமக்கென்று ஒதுக்கிவிட்டு
மீதியை என் மேஜையில் எண்ணினாள்.
அதில் எனக்கு இரண்டு சதவீதம்.

ஒன்பது வருஷம்
நீர் பொறுத்திருந்தது.
நீரும் பொறுத்திருந்தீர்.

பத்தாவது செப்டம்பரில், ஒரே ராத்திரியில்
தண்ணீர் தன் மூலப்பத்திரத்தோடு வந்தது.
கதவைத் தட்டவில்லை.
கக்கூஸ் வழியாக, அடுப்படிச் சாக்கடை வழியாக ஏறி
கட்டில் கால், பீரோவின் இரண்டாம் தட்டு,
சுவரில் ஆணியடித்த வாக்குத்தத்த அட்டை
வரைக்கும்.
ரப்பர் படகோடு வந்த பையன்
கன்னடத்தில் கேட்டான்:
இதை யார் உங்களுக்கு விற்றது?
நானும் அதே படகில்தான் இருந்தேன், பிஸ்கட் பொட்டலங்களோடு.
ஒருவரும் என்னைக் காட்டவில்லை.
முதல் அடி அங்கே விழுந்தது.

வடிந்தபின் மாநகராட்சி வந்தது
சங்கிலியும் சிவப்புப் பெயிண்டுமாய்.
இடிக்க வேண்டிய சுவர்களில் எல்லாம் ஒரு பெருக்கல் குறி.
தலையைச் சாய்த்துப் பார்த்தால்
அது வேறொன்று.
நான் சாய்க்கவில்லை.
ஜேசிபி அவள் மாடிப்படியைக் கடிக்கும்போது
செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தீர்ப்பு என்றால் நெருப்பு என்றிருந்தேன்.
சேறு அது.
எத்தனை சோப்புக்கும் நகக்கண்ணில் நிற்கிற சேறு.

அந்த அட்வெந்தில் சபை நடுவே எழுந்து சொன்னேன்.
மைக் வேலை செய்யவில்லை.
கேட்கலப்பா, இன்னொரு தரம் சொல்லு என்றார்கள்.
இன்னொரு தரம் சொன்னேன்.

கல்யாண் நகர் வீட்டை விற்று
ஏழு பேருக்குப் பாதி, நாலு பேருக்குக் கால்.
மனைவி ஓசூரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.
கணக்கு இன்னும் தீரவில்லை.
ஞாயிறுகளில் கடைசி பெஞ்சில்
பாதி பிரசங்கத்துக்கு வந்து
கடைசிப் பாட்டுக்கு முன் எழுந்துபோகிறவனாகப்
பழகிக்கொண்டேன்.

போன வாரம் போன் வந்தது.
எப்சிபா. பெயர் சொல்லவில்லை, வா என்றாள்.

வாய்க்கால் திறந்து கிடந்தது.
தெளிவில்லை, நாற்றமும் போகவில்லை,
ஆனாலும் ஓடுகிறது.
ஒற்றை எருமை கழுத்தளவு அதில்.
மனை பதினான்கில் வாய்க்கால் போக மிஞ்சியது
பதினேழு அடி.
சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்,
கையில் அளவுநாடா.

தண்ணிக்கு ஆறடி விடு.
அதுக்கப்புறம் ஒரு ரூம், ஒரு அடுப்படி.
இந்தா, இந்த முனையைப் பிடி.

நானா அக்கா?

அளக்கத் தெரிஞ்சவன் நீதானே.
இந்தத் தடவை சரியா அள.

மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை,
அவளும் சொல்லவில்லை.
இடிக்க அளந்தபோதும் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம்தான்.
கட்ட அளப்பதும்
அதே அடியில்தானா, ஆண்டவரே?

மூலையில் முளையடிக்கக் குனிந்தேன்.
இடிபாட்டிலிருந்து அவள் பொறுக்கிவைத்த பழைய செங்கல்,
பாதிக் குறி சிவப்பாய் ஒட்டியபடி.
தலை தானாகச் சாய்ந்தது.
நாடா நடுங்கியது.

இழுத்துப் பிடி, என்றாள்.
தொய்யுது பார்.